நாற்பத்து நான்காம் நாள்

மதியம் இரண்டு நாற்பதுக்கு அவள் வந்தாள். பெயரில்லாமல்தான் வந்தாள், எங்கள் பட்டியலில் யாருக்கும் பெயர் கிடையாது. வரிசை எண், ஆணா பெண்ணா, வயது, மாவட்டம், இறந்த தேதி, இறந்த இடம், டாக்டர் எழுதிய காரணம், அதற்குப் பக்கத்தில், அந்தக் காரணத்துக்குரிய எழுத்தையும் எண்ணையும் நான் நிரப்ப வேண்டிய ஒரு வெற்றுக் கட்டம். பெண், இருபத்தாறு, சென்னை, ஏப்ரல் பதினேழு, தனியார் மருத்துவமனை. காரணம்: இதயமும் மூச்சும் நின்றது. தயிர்சாதத்தின் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது, கை கழுவிய ஈரம் புடவைத் தலைப்பில் இருக்கிறது, அதற்குள் வந்துவிட்டாள். வருவாள் என்று தெரியும். பதினான்கு மாதமாகத் தெரியும். டாக்டர் கையெழுத்தோடு இந்த மாநிலத்தில் சென்ற வருடம் செத்தவர்கள் எல்லோரும் இந்த அறை வழியாகத்தான் போயாக வேண்டும், மாவட்டம் மாவட்டமாக, மாதம் மாதமாக. அந்த வரிசையில் எங்கேயோ பின்னால் அவளும் நின்றுகொண்டிருக்கிறாள் என்று தெரிந்துதான் நான் தினமும் ஒன்பதே முக்காலுக்கு வந்து கணினியைத் திறந்தேன். சென்னைக் கட்டு வந்த அன்று ரெஜினா, "அக்கா, இதை நான் பாத்துக்கறேன், நீங்க கோயம்புத்தூரை எடுத்துக்கங்க" என்றாள். ரெஜினாவுக்கும் எனக்கும் நடுவில் மூன்றடி மேஜை, இருபது வருஷப் பழக்கம். அவள் எதற்குக் கேட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் எதற்குத் தரவில்லை என்று அவளுக்குத் தெரியாது. மகளைக் கடைசியாக ஒரு தடவை தன் கையால் அனுப்ப வேண்டும் என்று ஒரு தாய் நினைக்கிறாள் என்று எண்ணியிருப்பாள். அப்படியே எண்ணட்டும். வேறு ஒருத்தர் கை பட்டால், ஏதோ ஒரு கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து, இது ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் பயம். திருடியவள் தான் திருடிய வீட்டுக்கே காவலுக்கு வந்த கதை.

இதயம் நின்றது என்பது காரணம் இல்லை. எல்லாச் சாவிலும் இதயம் நிற்கத்தான் செய்கிறது. லாரி ஏறினாலும் நிற்கிறது, பாம்பு கடித்தாலும் நிற்கிறது, தொண்ணூறு வயதில் தூக்கத்தில் போனாலும் நிற்கிறது. ஏன் நின்றது என்று எழுதுங்கள் டாக்டர். இதை நான் எத்தனை ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறேன், சேலத்தில், தேனியில், செங்கல்பட்டில், மருத்துவமனைப் பதிவறை ஆட்களையும் இளம் டாக்டர்களையும் உட்கார வைத்து, பக்கத்தில் ரெஜினா படம் படமாக மாற்றிக்கொண்டிருக்க, நீங்கள் ஒரு வார்த்தை சோம்பலாக எழுதினால் இங்கே ஒரு நோய் ஒளிந்துகொள்கிறது, ஒளிந்த நோய்க்கு யாரும் மருந்து வாங்கமாட்டார்கள், ஆள் போடமாட்டார்கள் என்று. கைதட்டியிருக்கிறார்கள். நான் கணக்குக்காரி, டாக்டர் இல்லை, ஆனால் இருபத்தேழு வருஷமாக மற்றவர்கள் எழுதிய காரணங்களைப் படித்துப் படித்து எனக்கு ஒரு மூக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆள் இருமினால் அது எந்த வகை இருமல், எந்த எழுத்தில் போய் நிற்கும் என்று மனசு தானாகப் போடும். அந்த மூக்கு வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தது? சுவரில் ஏசி சொட்டுகிறது, கீழே வைத்த வாளியில் தண்ணீர் முக்கால் வந்துவிட்டது, யாராவது கொட்ட வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சென்னைப் பட்டியலை மூடி ஞானப்பிரகாசம் சாரிடம் கொடுக்க வேண்டும். அவர் எங்கள் துணை இயக்குநர். கோபப்படத் தெரியாதவர், ஆனால் தேதி தப்பினால் முகம் வாடிவிடும். இன்னும் நூற்றுப் பதினெட்டு வரிசை. இதயம் நின்றது என்று மட்டும் இருந்தால் அதற்கென்று ஒரு குப்பைத்தொட்டி எண் இருக்கிறது, காரணம் தெளிவில்லாதவர்களைப் போடும் இடம். இரண்டு விரல் அசைந்தால் போதும். அசையவில்லை. விரல் விசைப்பலகை மேல் அப்படியே கிடக்கிறது, என் விரல் மாதிரியே இல்லை.

மார்ச் நாலு, செவ்வாய். அன்றிலிருந்து எண்ணினால் ஏப்ரல் பதினைந்து நாற்பத்திரண்டு. பதினாறு, நாற்பத்துமூன்று. பதினேழு, நாற்பத்துநாலு. இதை எத்தனை தடவை எண்ணியிருப்பேன், விரல் விட்டு, காலண்டரைப் புரட்டி, ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு. பிரசவம் முடிந்து நாற்பத்திரண்டு நாளுக்குள் ஒரு பெண் செத்தால் அவள் தாய். தாய்மார் சாவுக் கணக்கில் வருவாள், கலெக்டர் கூட்டத்தில் அவள் பேர் வாசிக்கப்படும், எந்த ஆஸ்பத்திரி, எந்த ஆம்புலன்ஸ், யார் தாமதம் செய்தார்கள் என்று பத்து பேர் கேட்பார்கள். நாற்பத்துமூன்றாம் நாள் செத்தால் அவள் வெறும் பெண், வயது இருபத்தாறு. நான் வைத்த எல்லை இல்லை, உலகத்துக்கே அதுதான். ஒரு எல்லை எங்கேயாவது இருந்தாக வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே விளக்கியிருக்கிறேன். சுகாதார நர்ஸ் ஏப்ரல் பதினைந்தாம் தேதி சரியாக வந்தாள், குழந்தையை எடை போட்டாள், நாலு கிலோ எழுநூறு, நல்லா இருக்கா பாப்பா என்றாள், அம்மா எப்படி இருக்கீங்க என்று இந்துஜாவைக் கேட்டாள். அசதியா இருக்கு என்று மட்டும் சொன்னாளாம் என் பெண். நர்ஸ் அட்டையில் கடைசிக் கட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். ஏன்டி அவங்ககிட்ட சொல்லல என்று ராத்திரி கேட்டேன். நீதான் சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்னியே என்றாள். சொன்னேன். நான்தான் சொன்னேன். சனிக்கிழமை என்றால் பத்தொன்பது. பத்தொன்பது வரை இருக்கவில்லை.

முதலில் கால். மெட்டியைக் கழற்ற முடியவில்லை, வீங்கியிருக்கு பாரும்மா என்று தரையில் உட்கார்ந்தபடி காலை நீட்டினாள். பிள்ளை பெத்த உடம்பில் நீர் இருக்கும், கொள்ளு வெச்சுத் தர்றேன் என்றேன். அப்புறம் படுக்க முடியவில்லை என்றாள். படுத்தால் இருமல், எழுந்து உட்கார்ந்தால் நிற்கிறது. ஃபேன் காத்து ஒத்துக்கலை என்றேன். ரத்தம் இல்ல, முருங்கைக்கீரை சாப்பிட மாட்டேங்கற, அதான் மூச்சு வாங்குது என்றேன். நானும்தானே உன்னைப் பெத்தேன், எனக்கு இல்லாத மூச்சா என்றேன். இதுவும் சொன்னேன். அவள் அப்பா செத்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. அதிலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான், எனக்குக் கஷ்டம் கொடுக்கக்கூடாது என்று ஒரு பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது, ஒரு தடவைக்கு மேல் எதையும் கேட்கமாட்டாள். மூன்று சுடிதார் பிடித்திருந்தால் ஒன்றைத்தான் காட்டுவாள். அந்தப் பெண் பத்து நாளில் நாலு தடவை சொன்னாள். நாலு தடவை. அதை நான் அப்போது எண்ணியிருக்க வேண்டும், இப்போது எண்ணுகிறேன். நாலாவது தடவை திங்கட்கிழமை ராத்திரி, நான் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை விரித்து முந்தைய வருஷத்துத் தாய்மார் சாவு அட்டவணையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன், அவள் சமையலறைச் சுவரில் சாய்ந்து மடியில் தலையணை வைத்து அதன் மேல் குழந்தையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "அம்மா, தண்ணிக்குள்ள படுத்திருக்கற மாதிரி இருக்கும்மா" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தேனா? இல்லை. ஒரு வரிசையின் கூட்டல் தப்பியிருந்தது, அதை விட்டால் மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். வியாழக்கிழமை இது முடிஞ்சிடும், சனிக்கிழமை போலாம் என்றேன். சரிம்மா என்றாள். அந்தச் சரிம்மாவில் மூச்சு நடுவில் அறுந்தது, சரி என்று ஒன்று, அம்மா என்று ஒன்று. பிரசவமான பெண்ணுக்கு இதயத் தசை தளர்ந்துபோகும் ஒரு நோய் இருக்கிறது. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னாலிருந்து ஐந்து மாதம் பின்னால் வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் வரும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், இருமும். அதற்கு ஒரு எழுத்து இருக்கிறது, எண் இருக்கிறது, அந்த எண் எனக்கு மனப்பாடம், அன்றைக்கு ராத்திரி நான் கூட்டிக்கொண்டிருந்த அட்டவணையில் அது பன்னிரண்டாவது வரி. பன்னிரண்டாவது வரியைக் கூட்டிவிட்டுப் பதின்மூன்றாவதுக்குப் போனேன்.

வியாழக்கிழமை பதினொன்று இருபதுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால் இருந்தாள். சின்ன டாக்டர், இந்துஜா வயதுதான் இருக்கும், படிவத்தை நிரப்பினார். முன்னாடி சுகர் இருந்துதா, பிரஷர் இருந்துதா, ஃபிட்ஸ் வந்திருக்கா என்று கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. பேனா கீழே வந்தது. அந்தப் படிவத்தில் கீழே, இறந்தவர் பெண்ணானால் என்று ஒரு கேள்வி இருக்கிறது. கருவுற்றிருந்தாரா, பிரசவம் நடந்ததா. அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள் என்று நான் எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன், இந்த ஒரு கட்டத்தை மட்டும் தயவுசெய்து. பேனா அதன் மேல் வந்து ஒரு நொடி நின்றது. குழந்தை பக்கத்து வீட்டம்மாவிடம் இருந்தது, அங்கே இல்லை. நைட்டியின் முன்பக்கம் பால் ஈரம் இருந்தது, அது போர்வைக்குக் கீழே இருந்தது. அவருக்குத் தெரிய வழியில்லை. "வேற ஏதாவது உண்டா மேடம்?" என்று என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேன். பேனா அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அந்த நொடியில் நான் என்ன நினைத்தேன்? இங்கேதான் மாட்டிக்கொள்கிறேன், பதினான்கு மாதமாக இங்கேயேதான். துக்கத்தில் வாய் வரவில்லை என்று சொல்லிப் பார்க்கிறேன். வாய் வந்ததே, சுகர் இல்லை என்று சொல்ல வந்ததே. அந்தக் கட்டத்தை நிரப்பினால் விசாரணை வரும், முதல் கேள்வி யாரிடம் முதலில் சொன்னார் என்பதுதான், அதை நினைத்துத்தான் ஆட்டினேனா? அல்லது, இதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாது, செத்துக் கிடக்கிற மகளின் கால்மாட்டில் நின்றுகொண்டு நான் எண்ணினேன். மார்ச் நாலிலிருந்து எண்ணினேன். நாற்பத்துநாலு, எப்படியும் கணக்கில் வராது என்று எண்ணி முடித்துவிட்டுத்தான் தலையை ஆட்டினேன். அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, லோகநாதன் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தார். என் மருமகன். ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை, வாலாஜாபேட்டையில் அவர் அம்மாவோடு வீடு, அதிகம் பேசமாட்டார். "அத்தை, அவ உங்ககிட்ட முன்னாடி ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டார். ஒண்ணும் சொல்லலையே மாப்ள என்றேன். யோசிக்கக்கூட இல்லை, கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது, எங்கேயோ தயாராக இருந்தது போல. அவர் அப்படியே கைப்பிடிச் சுவரில் தலையை வைத்துக்கொண்டார். போனில் பேசும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பேசினாள், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள் என்று நினைத்துவிட்டேன், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள் என்றார். பதினான்கு மாதமாக அதையேதான் சொல்கிறார். ஆள் பாதியாகிவிட்டார். அவர் போனில் பேச்செல்லாம் தானாகப் பதிவாகும். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவள் பேசியதைக் காதில் மாட்டிக் கேட்கிறார், எங்கெங்கே மூச்சு வாங்கினாள் என்று. போன மாதம் ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்கப் போயிருந்தபோது எனக்கும் ஒன்று போட்டுக் காட்டினார். அவள் குரல். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், குரலுக்காக இல்லை, சனிக்கிழமை என்ற வார்த்தை எங்கேயாவது வந்துவிடுமோ என்று. வரவில்லை. ஒண்ணுமில்லப்பா, அம்மா பாத்துக்கறாங்க என்றாள். லோகநாதன் அதை நிறுத்திவிட்டு, நீங்க பக்கத்துல இருந்தீங்கங்கறது ஒண்ணுதான் அத்தை எனக்கு ஆறுதல் என்றார். குழந்தை என் மடியில் உட்கார்ந்து என் வளையலைச் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது நடக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை ரயிலில் போகிறேன், வாசலில் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்குவாள். அந்த இரண்டு கைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேனோ? அதுவும் ஒன்று. ஆனால் ஒரு ஆள் கண்ணெதிரே தேய்கிறார், நான் செய்ததற்கு அவர் தேய்கிறார், நான் ரயில் ஏறிப் போய் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

மூன்று ஐம்பது. மற்றவர்களைப் போட்டுக்கொண்டே போகிறேன், ஆண் எழுபத்தொன்று மூளை ரத்தக் கசிவு, பெண் ஐம்பத்தெட்டு மார்பகப் புற்றுநோய், ஆண் பத்தொன்பது சாலை விபத்து தலைக் காயம், ஒவ்வொன்றும் தன் எழுத்தில் போய் உட்கார்கிறது, அவள் மட்டும் மேலே மஞ்சள் கட்டமாக நிற்கிறாள். குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் மூச்சை அடைக்கிறது. ஒன்றுமே ஆகாது. புத்தகம் அச்சாகும், தெளிவில்லாத காரணங்கள் என்ற வரியில் ஒரு எண் இருக்கும், அதற்குள் அவள் இருப்பாள், தேடினாலும் கிடைக்கமாட்டாள். நாற்பத்திரண்டு நாளுக்கு மேல் நர்ஸ் போக வேண்டுமா என்று யாராவது என்றைக்காவது கேட்டால், அதற்கப்புறம் செத்தவர்கள் எத்தனை பேர் என்று இந்த அறையைத்தான் கேட்பார்கள். பெரிதாக யாரும் இல்லை என்று நாங்கள் எழுதிக் கொடுப்போம். அந்த யாரும் இல்லையில் என் பெண் இருப்பாள். இன்னும் எத்தனை பேருடைய அம்மாக்கள் தலையை ஆட்டினார்களோ. விளக்கம் கேட்கும் தாள் ஒன்று அனுப்பலாம், அதற்கு எனக்கு அதிகாரம் இருக்கிறது. அனுப்பினால் ஆஸ்பத்திரியில் இருந்து ஒன்றும் வராது; ஸ்கேன் இல்லை, எக்கோ இல்லை, உடம்பை அன்று மாலையே எரித்தாயிற்று. அப்புறம் வீட்டில் விசாரிக்க வேண்டும், என்னென்ன தொந்தரவு சொன்னார், எப்போது, யாரிடம். அந்த விசாரணைப் படிவத்தில் தாமதம் என்று மூன்று வகை உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போக வீட்டார் முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் வைத்தியம் தொடங்குவதில் தாமதம். முதல் தாமதத்துக்கு எதிரே யார் என்று ஒரு கோடு. எத்தனை படிவத்தில் அந்தக் கோட்டில் மாமியார் என்று படித்துவிட்டு மனசுக்குள் அந்த மாமியாரைத் திட்டியிருக்கிறேன், கணவர் என்று படித்துவிட்டு இவனெல்லாம் ஒரு ஆளா என்று நினைத்திருக்கிறேன். அவளுடைய நோய்க்கு இப்போது உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே தடயம் அவள் என்னிடம் சொன்ன நாலு வாக்கியம்தான். அது என் தலைக்குள் இருக்கிறது. நாளைக்கு எனக்கே ஒன்று ஆகிவிட்டால் அதுவும் போய்விடும்.

நாலு பத்துக்கு ஞானப்பிரகாசம் சார் வந்தார். ரெஜினா டீ குடிக்கப் போயிருந்தாள். எத்தனை மிச்சம் என்று கேட்க வந்தவர் திரையைப் பார்த்துவிட்டார். தேதியைப் பார்த்ததும் புரிந்திருக்கும், சுடுகாடு வரை வந்தவர். ரெஜினாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீங்கள் கிளம்புங்கள், இதை நான் முடித்துவிடுகிறேன் என்றார். விளக்கம் கேட்டு அனுப்பலாம் என்றிருக்கிறேன் சார் என்றேன். பிரசவம் நடந்ததா என்ற கட்டம் காலியாக இருக்கிறது என்று காட்டினேன். குழந்தை பிறந்த தேதி அவருக்கும் தெரியும். மனசுக்குள் எண்ணுகிறார் என்று தெரிந்தது. இந்த அறையில் எல்லோரும் எண்ணுகிறவர்கள்தான். நாற்பத்துநாலு வருகிறதே மேடம் என்றார் மெதுவாக. எண்ணிக்கை மாறாது, விசாரணை என்று போனால் உங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வருவார்கள், மருமகனையும் உட்கார வைத்துக் கேட்பார்கள், ஆறிக்கொண்டிருக்கிற புண்ணை எதற்குக் கிளற வேண்டும் என்றார். நல்ல மனுஷர். அவர் கொடுத்த அந்த வழி அகலமாக, நிழலாக இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு நடந்து போய்விடலாம்.

"எண்ணிக்கையில வர வேணாம் சார். ஏன் செத்தான்னு வரணும்."

"அதுக்கு ஒரு ஆதாரம் வேணுமே மேடம். யாரு சொல்லுவா?"

"நான் சொல்லுவேன். என்கிட்டதான் சொன்னா. பத்து நாள் சொன்னா."

சொல்லிவிட்டேன். சத்தமாகக்கூட இல்லை, வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தை விடக் கொஞ்சம்தான் கூட. சார் என்னைப் பார்க்கவில்லை, மேஜை மேல் இருந்த குண்டூசிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகனுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். தாள் போய் அதன் வழியாக அவருக்குத் தெரியக்கூடாது, நீங்களே சொல்லிவிடுங்கள், படிவத்தை நாளை வரை என் மேஜையில் வைத்திருக்கிறேன் என்றார். நாளைக்கு எனக்கு இந்தத் தைரியம் இருக்காது சார், நாளைக்கு நான் மறுபடி தலையை ஆட்டிவிடுவேன் என்றேன். போனை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மாடிப்படித் திருப்பத்தில், பழைய பதிவேடுகளைக் கட்டி அடுக்கியிருக்கிற இடத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது, அங்கேதான் சிக்னல் வரும். முதல் ஷிப்ட் முடிந்து லோகநாதன் கம்பெனி பஸ்ஸில் இருப்பார், காதில் அவள் குரல் இருக்கும், என் அழைப்பு போய் அதை நிறுத்தும். நிறுத்தியது. "சொல்லுங்க அத்தை" என்றார். பஸ் இரைச்சல். பாப்பா நல்லா இருக்கா, காலையில இட்லி சாப்பிட்டா, அம்மா சொன்னாங்க என்றார், நான் கேட்காமலே. இதற்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தால் என்னால் முடியாது.

"மாப்ள, பதினாறாம் நாள் மாடியில என்னை ஒண்ணு கேட்டீங்க. அவ ஏதாச்சும் சொன்னாளான்னு."

ஆமா அத்தை என்றார்.

"சொன்னா. படுத்தா மூச்சு முட்டுதுன்னு சொன்னா. நான்தான் ஆபீஸ் வேலை முடியட்டும், சனிக்கிழமை போலாம்னேன். உங்ககிட்ட பொய் சொன்னேன். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. யாரோ ஒருவர் பின்னால் சிரித்தார், வேறு எதற்கோ. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், துரு கையில் ஒட்டியது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்று நினைத்தேன். தொடர்பு அறுந்தது. அறுந்ததா அறுத்தாரா என்று ஒரு நிமிஷம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன், அறுத்தார்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த வாசல், அந்த இரண்டு கை. போயிற்று. போகட்டும் என்று சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்தேன். ரெஜினா வந்திருந்தாள், சார் ஏதோ சொல்லியிருக்கிறார், அவள் என் மிச்ச வரிசைகளைத் தன் திரைக்கு மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள், என்னை நிமிர்ந்து பார்க்காமல் என் பக்கம் ஒரு தம்ளர் டீயை நகர்த்தினாள். சார் விசாரணைப் படிவத்தைத் தானே எடுத்து வைத்திருந்தார். இதை வெளி ஆள் கேட்க வேண்டாம், நான் எழுதுகிறேன் என்றார். தகவல் தருபவர் பெயர், சந்திரமதி. உறவு, தாய். இறந்தவர் தன் தொந்தரவை முதலில் யாரிடம் கூறினார், தாயிடம். அதை எழுதும்போது சார் கை தயங்கியது, எழுதுங்க சார் என்றேன். முதல் தாமதத்துக்கு எதிரே அந்தக் கோட்டில் நானே எழுதினேன், அதை மட்டும் அவரை எழுதவிடவில்லை. அழகான கையெழுத்து எனக்கு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது, தாய் என்ற இரண்டு எழுத்தையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். நிம்மதி வரவில்லை. வரும் என்று யாரோ எங்கேயோ சொல்லிக் கேட்டிருக்கிறேன், வரவில்லை. ஒரு கனம் இடம் மாறி உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

ஐந்து இருபதுக்குப் போன் அடித்தது. லோகநாதன். நான் அறையிலேயே எடுத்தேன், மாடிப்படி வரை நடக்க முடியாது. பஸ் இரைச்சல் இல்லை, லாரிகள் போகிற சத்தம், காற்று. வழியில் எங்கேயோ இறங்கிவிட்டிருக்கிறார், வீட்டுக்குப் போகவில்லை. அழுதிருந்தார், மூக்கு அடைத்திருந்தது.

"ஞாயித்துக்கெழம வராதீங்க" என்றார்.

"சரி மாப்ள."

"எப்ப வரணும்னு நானே சொல்றேன்."

"சரி."

வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. சார் எழுந்து வெளியே போனார், ரெஜினா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு லாரி போனது, இன்னொன்று போனது. அவர் மூச்சு விடுவது கேட்டது.

"என்னென்ன சொன்னா?" என்றார். "மொதல்லேர்ந்து சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க. நான் கேக்கறேன்."

"ஏப்ரல் ஏழு, திங்கக்கெழம" என்றேன். "மெட்டியைக் கழட்ட முடியலன்னு சொன்னா."